வார்டில் திடீர் பேதி: சி. டிஃபிசில் பரிசோதனை, படிப்படியாக

நிமோனியாவுக்கோ அறுவை சிகிச்சைக்கோ அட்மிட் ஆனவர். வந்தபோது வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. ஐந்தாறு நாள் ஆன்டிபயாட்டிக் ஓடியபின் தண்ணீராகப் போக ஆரம்பிக்கிறது. இந்த இடத்தில் பல வார்டுகளில் இருந்து லேபுக்கு வருவது 'ஸ்டூல் கல்ச்சர்' (மலத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) என்று எழுதிய ஒரு சீட்டு. அட்மிட் ஆகி 3 நாள் கழித்துத் தொடங்கும் பேதியில் சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபேக்டர் கிடைப்பது அபூர்வம். அவை வெளியே சாப்பிட்ட சாப்பாட்டிலும் தண்ணீரிலும் வருபவை. மருத்துவமனைக்குள் பிறந்த பேதியில் முதலில் தேட வேண்டிய பாக்டீரியா க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், சுருக்கமாக சி. டிஃப்.

இது காற்றில்லாச் சூழலில் வளரும், ஸ்போர் (கெட்டியான உறை மூடிய, எளிதில் சாகாத உறங்கு வடிவம்) உண்டாக்கும் பாக்டீரியா. ஆன்டிபயாட்டிக் குடலின் வழக்கமான கிருமிகளை அழித்தபின், காலியான இடத்தில் பெருகி, ஏ, பி என்ற இரண்டு டாக்ஸின்களைச் சுரக்கிறது. பெருங்குடலைப் புண்ணாக்குவது அந்த நச்சுகள்தான். டாக்ஸின் சுரக்கவே முடியாத சி. டிஃப் வகைகளும் உண்டு. சுரக்கும் வகையைக் குடலில் வைத்துக்கொண்டு நலமாக இருப்பவர்களும் உண்டு. பரிசோதனையில் வரும் குழப்பம் எல்லாம் இந்த இரண்டு உண்மைகளில் இருந்து வருவதுதான்.

படி 1: இந்த நோயாளிக்கு டெஸ்ட் தேவையா?

டெஸ்ட் கிட்டைத் திறக்குமுன் செய்ய வேண்டிய வேலை. அதிகம் சறுக்குவதும் இங்கேதான். கீழ்க்கண்டவற்றை நோயாளியிடமோ ஸ்டாஃப் நர்ஸிடமோ கேளுங்கள்.

கடந்த 24 மணி நேரத்தில் 3 தடவைக்குக் குறையாமல் தண்ணீராகவோ கூழாகவோ போயிருக்க வேண்டும். மலத்தின் பதத்தை 1 முதல் 7 வரை வகைப்படுத்தும் பிரிஸ்டல் அளவுகோலில் 6, 7. டப்பாவில் போட்டால் டப்பாவின் வடிவத்தை எடுக்கும் மலமாக இருக்க வேண்டும். ஒரு தடவை இளக்கமாகப் போனதெல்லாம் கணக்கில் வராது.

கடந்த 48 மணி நேரத்தில் மலமிளக்கி கொடுத்தார்களா? மருந்துச் சீட்டைப் பார்க்காமல் 'இல்லை' என்ற பதிலை நம்பாதீர்கள். கல்லீரல் நோயாளிக்கு லாக்டுலோஸ் அன்றாட மருந்து. அதை யாரும் பேதி மருந்தாக நினைப்பதில்லை. கொலோனோஸ்கோபிக்காகக் கொடுத்த பாலிஎத்திலீன் கிளைக்கால், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட், சார்பிட்டால் இனிப்பு சேர்த்த சிரப், புதிதாகத் தொடங்கிய மெட்ஃபார்மின், மூக்குக்குழாய் வழியாக வேகமாக ஏற்றும் திரவ உணவு எல்லாம் இதே பேதியைக் கொண்டுவரும். படுக்கையிலேயே கிடக்கும் முதியவருக்கு மலம் இறுகி அடைத்து, அதன் ஓரமாகத் தண்ணீர் கசிவதும் உண்டு. அதை விரல் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம், லேப் தேவையில்லை.

கடந்த 3 மாதத்தில் என்ன ஆன்டிபயாட்டிக்? கிளிண்டமைசின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவை முன்வரிசைச் சந்தேகக் கைதிகள். நம் ஊரில் இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் கூட்டு மாத்திரை. ஓஃப்ளாக்சசின் சி. டிஃபுக்கு வழி திறந்துவிடும் வகை; ஆர்னிடசோலோ காற்றில்லாப் பாக்டீரியாக்களை அமுக்கும் வகை. சாம்பிள் எடுக்குமுன் இதை விழுங்கியிருந்தால் ரிசல்ட்டை வாசிக்கும்போது அதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையா? டெஸ்ட் வேண்டாம். அந்த வயதில் நோயே இல்லாமல் இந்தப் பாக்டீரியா குடலில் இருப்பது சகஜம், பாசிட்டிவ் வந்தாலும் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

படி 2: சாம்பிள்

அகலமான வாய், இறுக மூடும் மூடி, உள்ளே எந்தப் பதப்படுத்தியும் இல்லாத டப்பா. ஃபார்மலின் கூடாது. கல்ச்சருக்குப் பயன்படும் கேரி-பிளேர் ஊடகத்தில் போட்டால் மலம் நீர்த்துவிடும், டாக்ஸின் அளவு கிட்டின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். 5 முதல் 10 மி.லி. போதும். டப்பாவை நிரப்பி வழியவிட வேண்டாம். வாயு உண்டாகி, திறக்கும்போது தெறிக்கும்.

பெட்பேனில் சிறுநீர் கலக்காமல் பிடியுங்கள். பிளீச்சில் கழுவிய பெட்பேன் என்றால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். டயப்பர் கட்டியவரிடம் ஒரு சிக்கல்: திரவத்தை டயப்பர் உறிஞ்சிவிடும், மிஞ்சுவது கெட்டியான மலம் போலத் தோன்றும். டயப்பருக்குள் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துப் பிடித்தால் சரியாக இருக்கும்.

இதில் முக்கியமானது நேரம். டாக்ஸின் ஒரு புரதம், அறை வெப்பத்தில் சிதையும். சில சாம்பிள்களில் 2 மணி நேரத்திலேயே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. வார்டு மேஜையில் காலையில் வைத்த டப்பா மதியம் லேபுக்கு வந்தால், 'டாக்ஸின் நெகட்டிவ்' என்ற ரிசல்ட்டுக்கு மதிப்பே இல்லை. எடுத்த உடனே அனுப்புங்கள். முடியாவிட்டால் 2–8 டிகிரி செல்சியஸில் வையுங்கள், 72 மணி நேரம் வரை தாங்கும். ஃப்ரீசரில் போட்டுப் போட்டு எடுத்தாலும் டாக்ஸின் அழியும்.

வயிறு உப்பி, குடல் இயக்கமே நின்றுபோய், பேதியே இல்லாமல் மோசமாகும் நோயாளி ஒரு விதிவிலக்கு. அவருக்கு மட்டும் மலக்குடல் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியில் எடுக்கும் சாம்பிள்) எடுத்து, கிருமியின் ஜீனைத் தேடும் பிசிஆர் டெஸ்டுக்கு அனுப்பலாம்.

படி 3: லேபில் வாங்கும்போது

கெட்டியான மலத்தைத் திருப்பி அனுப்புங்கள். டாக்டர் கோபப்படுவார் என்று ஏற்றுக்கொண்டால், கிருமியை வெறுமனே சுமந்துகொண்டிருப்பவரை நோயாளியாக்கி, தேவையில்லாமல் சி. டிஃப் மருந்தான வாங்கோமைசினை விழுங்க வைத்தவர்கள் ஆவோம். கசிந்த டப்பா, பெயரில்லாத டப்பா, நேரம் எழுதாத டப்பாவுக்கும் இதே கதிதான். நிராகரித்தால் காரணத்தைப் போனில் சொல்லி, புது சாம்பிள் கேளுங்கள்.

படி 4: கிட்டில் ஓட்டுவது

ஒரே கார்டில் ஜிடிஹெச், டாக்ஸின் இரண்டையும் பார்க்கும் கிட்டுகள் தொடங்குபவர்களுக்கு வசதி. ஜிடிஹெச் என்பது சி. டிஃப் எல்லாமே ஏராளமாக உண்டாக்கும் ஒரு நொதி. பரவலாகப் புழங்கும் ஒரு வகைக் கிட்டின் அளவுகள் கீழே. உங்கள் கிட்டின் தாளில் வேறு அளவு இருந்தால் அந்தத் தாள் சொல்வதே சட்டம்.

1. கிட்டையும் சாம்பிளையும் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், சுமார் 30 நிமிடம்.
2. சின்னக் குழாயில் கிட்டோடு வரும் 750 மைக்ரோலிட்டர் டைலுவன்ட் (நீர்க்க வைக்கும் திரவம்), ஒரு சொட்டு கான்ஜுகேட் (நொதி இணைத்த ஆன்டிபாடி).
3. மலத்தை நன்றாகக் கலக்கி, 25 மைக்ரோலிட்டர் எடுத்து அதில் விட்டுக் கலக்குங்கள்.
4. இந்தக் கலவையில் 500 மைக்ரோலிட்டரைக் கார்டின் சாம்பிள் குழியில் விட்டு 15 நிமிடம் காத்திருங்கள்.
5. ரிசல்ட் ஜன்னலில் 300 மைக்ரோலிட்டர் வாஷ் பஃபர். முழுதாக உறிஞ்சப்படட்டும்.
6. 2 சொட்டு சப்ஸ்ட்ரேட் (நிறம் வரவைக்கும் திரவம்). சரியாக 10 நிமிடத்தில் வாசியுங்கள்.

கன்ட்ரோல் கோடு வரவில்லையா? கான்ஜுகேட் சொட்டை மறந்திருப்பீர்கள், அல்லது ரீஏஜென்ட் கெட்டுப்போயிருக்கும். கார்டு செல்லாது, புதிதாக ஓட்டுங்கள். கலவை உறிஞ்சப்படாமல் தேங்கி நின்றால் மலம் அதிகமாகப் போய்ச் சவ்வை அடைத்திருக்கிறது. ஜன்னல் முழுக்க நீலம் பூத்தால் வாஷ் போதவில்லை, அல்லது 10 நிமிடத்தைத் தாண்டி வாசிக்கிறீர்கள். நேரத்துக்குள் தெரியும் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். புது லாட் திறக்கும்போதெல்லாம் பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

மேஜையை ஸ்பிரிட்டால் துடைப்பதில் பயனில்லை. ஸ்போர் அதற்குச் சாகாது. குளோரின் கரைசல் வேண்டும். கைக்கும் ஹேண்ட் ரப் போதாது, கையுறையைக் கழற்றியபின் சோப்பும் தண்ணீரும்தான்.

படி 5: வாசிப்பது

ஜிடிஹெச், டாக்ஸின் இரண்டும் நெகட்டிவ்: சி. டிஃப் இல்லை, வேறு காரணம் தேடுங்கள். இரண்டும் பாசிட்டிவ்: பேதியும் இருந்தால் இது சி. டிஃப் நோய். உடனே போன் செய்து சொல்லுங்கள், மாலை ரிப்போர்ட் வரை காத்திருக்க வேண்டாம். டாக்ஸின் மட்டும் பாசிட்டிவ், ஜிடிஹெச் நெகட்டிவ் என்பது முரண்; மறுபடி ஓட்டி, அப்படியே வந்தால் புது சாம்பிள் கேளுங்கள்.

தலைவலி கொடுப்பது ஜிடிஹெச் பாசிட்டிவ், டாக்ஸின் நெகட்டிவ். பாக்டீரியா இருக்கிறது. ஆனால் அது டாக்ஸின் சுரக்காத வகையாக இருக்கலாம், டாக்ஸின் சிதைந்திருக்கலாம், அல்லது கிட் பிடிக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கலாம். இங்கே பிசிஆர் ஓட்டி டாக்ஸின் ஜீன் இருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் என்றால் நச்சில்லாத வகை, விட்டுவிடலாம். பாசிட்டிவ் என்றாலும் நோய் உறுதியாகிவிடவில்லை. பிசிஆர் பாசிட்டிவ் என்பது வீட்டில் அரிவாள் இருக்கிறது என்கிற செய்தி. டாக்ஸின் பாசிட்டிவ் என்பது அதை எடுத்து வெட்டியாகிவிட்டது என்கிற செய்தி. ஆகவே ரிப்போர்ட்டில் வெறும் 'பாசிட்டிவ்' என்று எழுதாமல், 'டாக்ஸின் ஜீன் உண்டு, டாக்ஸின் கிடைக்கவில்லை. நோயாளியின் நிலையோடு சேர்த்து முடிவு செய்யவும்' என்று எழுதுங்கள். பிசிஆரை மட்டும் தனியாக ஓட்டும் லேபுகளில் நோயாளி எண்ணிக்கை கூடித் தெரிவதற்கு இதுவே காரணம்.

கல்ச்சர் அன்றாட நோயறிதலுக்கு ஆகாது. ஆல்கஹாலில் ஊறவைத்து மற்றக் கிருமிகளைக் கொன்று, சைக்ளோசெரின்–செஃபாக்சிட்டின் ஊடகத்தில் காற்றில்லா ஜாடியில் 48 மணி நேரம் வைத்து, வளர்ந்ததற்கு டாக்ஸின் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். குதிரைச் சாண வாடை அடித்தால் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வார்டுகளுக்கிடையே பரவல் நடக்கிறதா என்று வகை பிரித்துப் பார்க்க இது உதவும்.

படி 6: எவ்வளவு தீவிரம்?

மலப் பரிசோதனை இதைச் சொல்லாது. வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 15,000 அல்லது அதற்கு மேல், அல்லது கிரியாட்டினின் 1.5 மி.கி./டெ.லி.க்கு மேல் என்றால் தீவிர நிலை. ரத்த அழுத்தம் சரிவது, குடல் இயக்கம் நிற்பது, பெருங்குடல் ஊதுவது எல்லாம் உயிராபத்து; அங்கே ரிசல்ட்டுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. கொலோனோஸ்கோபியில் (குடலைக் கேமரா விட்டுப் பார்ப்பது) மஞ்சள் திட்டுகளாகப் போலிச்சவ்வு, அதாவது குடல் சுவரில் படியும் படலம், தெரிந்தால் அதுவே வலுவான சான்று. ஆனால் வீங்கிய குடலில் ஓட்டை விழும் ஆபத்து இருப்பதால் சந்தேகம் தீராதபோது மட்டுமே அதற்குப் போவார்கள்.

திரும்ப டெஸ்ட் எப்போது?

அதே பேதிக்கு 7 நாளுக்குள் மறுபடி அனுப்ப வேண்டாம். 'மூன்று சாம்பிள் அனுப்பிப் பார்க்கலாம்' என்ற பழைய வழக்கம், மூன்றாவது முறையில் பொய்ப் பாசிட்டிவைப் பிடித்துத் தருவதற்குத்தான் பயன்படும். குணமாகிவிட்டதா என்று பார்க்கவும் டெஸ்ட் இல்லை. பேதி நின்றபின்னும் பிசிஆர் பல வாரம் பாசிட்டிவ் காட்டும், அதைக் காட்டி டிஸ்சார்ஜைத் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சை முடிந்து 8 வாரத்துக்குள் பேதி உண்மையிலேயே திரும்பினால் அது வேறு கதை. அப்போது படி 1-லிருந்து மறுபடி தொடங்கி, பிசிஆரைவிட டாக்ஸின் ரிசல்ட்டுக்கே அதிக எடை கொடுங்கள்.