டிராஃப்ட் ஆகாத குவார்ட்டர்பேக் டீம்ல நிப்பானா? எப்படி கணிக்கிறது

ஏப்ரல் கடைசில என்எஃப்எல் (அமெரிக்காவோட ப்ரோ ஃபுட்பால் லீக்) டிராஃப்ட், அதாவது டீமுங்க காலேஜ் பசங்களை வரிசையா எடுக்கறது, முடியும், 7 ரவுண்டு, சுமார் 257 பேரை எடுப்பாங்க, கடைசி பேரை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளயே 32 டீமும் விட்டுப்போன பசங்களுக்கு போன் போட ஆரம்பிச்சிருப்பாங்க. அதுல உங்க டீம் ஒரு குவார்ட்டர்பேக்கை (பாஸ் போட்டு ஆட்டத்தை நடத்துறவன்) சைன் பண்ணிருச்சுன்னு வைங்க, உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பும். ஒண்ணு "அடுத்த கர்ட் வார்னர் வந்தாச்சு"ன்னு குதிக்கும், இன்னொண்ணு "எல்லா டீமும் 7 ரவுண்டு வேணாம்னு சொன்ன ஆளு, ஆகஸ்ட்ல மூட்டை கட்டிருவான்"னு சொல்லும். ரெண்டு கோஷ்டியுமே அந்த பையனோட ஒரு கேமை கூட உக்காந்து பாத்திருக்காது. கொஞ்சம் பொறுமையா பாத்தா அவன் சான்ஸ் எவ்ளோன்னு நாமளே ஓரளவு சரியா சொல்லிடலாம், அதுக்குத்தான் இது.

முதல்ல கேள்வியை மாத்துங்க. "ஸ்டார் ஆவானா"ன்னு கேக்காதீங்க, "செப்டம்பர்ல அந்த பில்டிங்குக்குள்ள இருப்பானா"ன்னு கேளுங்க. டிராஃப்ட் ஆகாத குவார்ட்டர்பேக்கை வெச்சு சூப்பர் பவுல் (லீகோட ஃபைனல்) ஜெயிச்ச டீம்னா அது வார்னர் ஆடுன ராம்ஸ் ஒண்ணுதான், 1999 சீசன்ல. அதை அளவுகோலா வெச்சா எல்லாருமே தோத்தவங்கதான். ஆனா டோனி ரோமோவைப் பாருங்க, 2003ல கவ்பாய்ஸுக்கு வந்தவர் 2006 வரைக்கும் ரெகுலர் சீசன்ல ஒரு பாஸ் கூட போடல, ஃபீல்ட் கோல் அடிக்கறப்ப பந்தை புடிச்சு வெக்கிற வேலைதான், ஆனா உள்ள இருந்தார், மீட்டிங்ல உக்காந்தார், பிராக்டிஸ்ல பந்து போட்டார், அதனாலதான் சான்ஸ் வந்தப்ப ரெடியா இருந்தார். இந்த பொசிஷன்ல வளரணும்னா மொதல்ல உள்ள நிக்கணும்.

அதனால பையனோட கையைப் பாக்கறதுக்கு முன்னாடி டீமோட டெப்த் சார்ட்டைப் (ஒவ்வொரு பொசிஷனுக்கும் யாரு முதல், யாரு அடுத்துன்னு இருக்கற வரிசை) பாருங்க. பாதி கதை அங்கயே தெரிஞ்சிரும். ஸ்டார்ட்டர் யாரு, பேக்கப்புக்கு கான்ட்ராக்ட்ல எவ்ளோ கேரண்டி பண்ணிருக்காங்க, அவனை கட் பண்ணா டீமுக்கு எவ்ளோ நஷ்டம், அதே டிராஃப்ட்ல வேற குவார்ட்டர்பேக்கை எடுத்தாங்களா. நாலாவது ரவுண்டுல ஒருத்தனை எடுத்துட்டு நம்ம பையனையும் சைன் பண்ணிருந்தா அவன் பெரும்பாலும் சீசனுக்கு முன்னாடி நடக்கற பயிற்சி கேம்ப்புக்கு பந்து போடத்தான் வந்திருக்கான், 90 பேர் இருக்கற கேம்ப்ல பத்து பன்னெண்டு ரிசீவருக்கு (பாஸ் புடிக்கறவங்க) யாராவது நாள் முழுக்க பாஸ் போட்டுட்டே இருக்கணும் இல்லயா, அந்த வேலைக்கு. டெப்த் சார்ட் சட்டுனு மாறவும் செய்யும். 2004 ஆகஸ்ட்ல கவ்பாய்ஸ் க்வின்சி கார்ட்டரை திடீர்னு ரிலீஸ் பண்ணாங்க, ரோமோவுக்கு இடம் கிடைச்சதுல அதுக்கு பெரிய பங்கு இருக்கு.

இன்னொண்ணு, அந்த பையனை டீமுக்குள்ள யாரு கேட்டு வாங்குனாங்கன்னு தேடுங்க. ரோமோ படிச்சது ஈஸ்டர்ன் இல்லினாய், அப்ப கவ்பாய்ஸ்ல குவார்ட்டர்பேக் கோச்சா இருந்த ஷான் பேட்டனும் அதே காலேஜ்ல அதே பொசிஷன் ஆடுனவர். ஒரு கோச் தன் வாயால கேட்டு வாங்குன ஆளுக்கு கேம்ப்ல கூட நாலு ஸ்னாப் (பந்தை பின்னாடி குடுத்து ஒரு ப்ளே ஆரம்பிக்கறது) கிடைக்கும், ஒரு தப்பு பண்ணாலும் பொறுத்துப்பாங்க.

கேரண்டி பணத்தையும் எல்லாரும் பாப்பாங்க, பாக்கணும்தான், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. 2022ல ஈகிள்ஸ் கார்சன் ஸ்ட்ராங்குக்கு 3,20,000 டாலர் கேரண்டி குடுத்தாங்க, டிராஃப்ட் ஆகாதவனுக்கு அது பெரிய தொகை, அப்படியிருந்தும் ஆகஸ்ட்ல கட் பண்ணிட்டாங்க, அவருக்கு காலேஜ்லருந்தே முழங்கால் பிரச்சனை இருந்துச்சு. பணம் குடுத்திருந்தா டீமுக்கு ஆசை இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான்.

இப்ப டேப்புக்கு, அதாவது கேம் வீடியோவுக்கு, வருவோம். காலேஜ் ஹைலைட் வீடியோவை மூடி வெச்சிருங்க, அதுல எல்லாரும் நல்லாத்தான் தெரிவாங்க. முழு கேம் ரெண்டு மூணு பாருங்க, முடிஞ்சா அவன் தோத்த கேம். ஸ்க்ரீன் பாஸ் (பக்கத்துல இருக்கறவனுக்கு போடுற சின்ன பாஸ்), ஓடுறதா போடுறதான்னு ஒரே ஒரு டிஃபெண்டரைப் பாத்து முடிவு பண்ற பாஸ் எல்லாத்தையும் கழிச்சிருங்க. மீதி இருக்கறதுல தேர்ட் டவுன் (10 யார்டு போக கிடைக்கற நாலு சான்ஸ்ல மூணாவது), 7 யார்டுக்கு மேல தேவைப்படற ப்ளேக்களை மட்டும் எடுத்துக்கோங்க. முதல் ரிசீவரை மூடிட்டாங்கன்னா இவன் கண்ணு ரெண்டாவது ஆளுக்கு போகுதா, போறப்ப காலும் கூடவே திரும்புதா, இல்ல உடனே வெளிய ஓடிடறானா? ப்ரஷர் வர்றப்ப எத்தனை தடவை சாக் ஆகறான்னும் (பாஸ் போடறதுக்குள்ள புடிபட்டு விழறது) எண்ணுங்க, ஏன்னா லைன் மோசம்னு சொல்லி இதை நெறய பேர் தள்ளி விட்டுருவாங்க, ஆனா பந்தை கையில வெச்சிட்டே நிக்கற பழக்கம் பெரிய லீகுக்கு போனாலும் கூடவே வரும்.

கை பலத்தைப் பத்தி ஒரு விஷயம். காலேஜ்ல ரெண்டு ஹேஷ் மார்க்குக்கும் (ப்ளே ஆரம்பிக்கற இடத்துக்காக மைதானத்துல போட்டிருக்கற கோடுங்க) நடுவுல 40 அடி, என்எஃப்எல்ல வெறும் பதினெட்டரை அடி. காலேஜ்ல ஹேஷ்லருந்து அந்த கடைசி ஓரத்துக்கு போடுற அவுட் பாஸ் ரொம்ப தூரம் காத்துல பறக்கணும், அங்கயே பந்து தொங்காம நேரா போகுதுன்னா இங்க கண்டிப்பா போகும். பந்து எவ்ளோ தூரம் போகுதுன்னு பாக்கறதை விட ரிசீவர் திரும்பறதுக்கு முன்னாடியே கையை விட்டு கிளம்பிருக்கான்னு பாருங்க. டிராஃப்ட் ஆகாம வந்து நிலைச்சவங்கள்ல நெறய பேருக்கு பீரங்கி கை கிடையாது, ஆனா நேரத்துக்கு போட்டாங்க.

சின்ன காலேஜ்லருந்து வந்தவன்னா ஸ்டாட்ஸை அப்படியே எடுத்துக்காதீங்க. டைசன் பேஜென்ட் நல்ல உதாரணம், வெஸ்ட் வர்ஜீனியால ஷெஃபர்ட் யுனிவர்சிட்டி, டிவிஷன் 2 (காலேஜ் விளையாட்டுல ரெண்டாவது நிலை), அங்க 159 டச்டவுன் பாஸ், 2021ல அந்த நிலையோட சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்லன் ஹில் டிராஃபி. அந்த லெவல்ல ஒரு ப்ரோ குவார்ட்டர்பேக் அடிச்சு நொறுக்கியே ஆகணும், நொறுக்கலன்னாதான் கவலைப்படணும். அவரை மதிக்க வெச்சது சீனியர் பவுலுக்கு (டிராஃப்டுக்கு முன்னாடி காலேஜ் பசங்களை டீமுங்க பாக்கற ஆட்டம்) கூப்பிட்டாங்கங்கறதுதான், பெரிய காலேஜ் டிஃபெண்டர்கள் நடுவுல ஒரு வாரம் பிராக்டிஸ் பண்ணி தாக்குப்பிடிச்சார். (அவங்க அப்பா ஆர்ம் ரெஸ்லிங்ல உலக சாம்பியன், எனக்கு ரொம்ப புடிச்ச தகவல் அது.)

2023 பிரீசீசன்ல (சீசனுக்கு முந்தின பயிற்சி கேமுங்க) சிகாகோ டீமான பேர்ஸுக்காக கோல்ட்ஸ் எதிரா அவர் ஆடுன ஒரு டிரைவை (பந்தை இழக்காம தொடர்ந்து ஆடுற ப்ளேக்கள்) தேடிப் பாருங்க. 17 ப்ளே, 92 யார்டு, கடைசில அவரே ஓடி டச்டவுன். அந்த கேம்ல 10 பாஸ்ல 9 புடிச்சாங்க, மொத்தமே 76 யார்டுதான். வெறும் நம்பரா பாத்தா சாதாரணமா தெரியும். ஆனா 17 ப்ளேன்னா 17 தடவை ஹடில்ல (டீம் வட்டமா கூடி நிக்கறது) நின்னு ப்ளே பேரை சரியா சொல்லணும், லைனை செட் பண்ணணும், ப்ளே க்ளாக் தீர்றதுக்குள்ள ஸ்னாப் வாங்கணும், நடுவுல ஒரு பெனால்டியோ சாக்கோ வந்தாலே டிரைவ் செத்துரும். ஒரு 60 யார்டு நீள பாஸை விட இது கோச்சுங்களுக்கு நூறு மடங்கு முக்கியம், நானும் அப்படித்தான் பாக்கறேன். பிரீசீசன்ல எதிர்ல நிக்கறவங்க பாதி பேர் கட் ஆகப்போறவங்க, அதனால அவங்களுக்கு எதிரா எவ்ளோ யார்டுன்னு எண்ணறதுல பெருசா அர்த்தமில்ல, வேலையை ஒழுங்கா நடத்துறானாங்கறதுதான் உண்மையா தெரியுற விஷயம். எந்த குவார்ட்டர்ல இறங்குறான்னும் கவனிங்க, முதல் வாரம் நாலாவது குவார்ட்டர், ரெண்டாவது வாரம் அதுக்கு முன்னாடியேன்னு மேல ஏறிட்டே வந்தா கோச் மனசுல இடம் புடிச்சிட்டான்.

அந்த வருஷம் பேர்ஸ், பேக்கப்பா இருக்கட்டும்னு கான்ட்ராக்ட் போட்டு கூட்டிட்டு வந்த பி.ஜே. வாக்கரை கட் பண்ணிட்டு பேஜென்ட்டை வெச்சிக்கிட்டாங்க. வாக்கரும் டிராஃப்ட் ஆகாம வந்தவர்தான்.

கட் டே அன்னிக்கு பதறாதீங்க. டீம் 90 பேர்லருந்து 53 பேருக்கு வர்றப்ப பேரு லிஸ்ட்ல இல்லன்னா கதை முடிஞ்சுதுன்னு இல்ல, வேவர்ஸ்ல (விட்ட ஆளை மத்த டீமுங்க கேட்டு எடுத்துக்கற முறை) வேற டீம் எடுக்கலாம், யாரும் எடுக்கலன்னா மறுநாளே 16 பேர் பிராக்டிஸ் ஸ்குவாட்ல (பயிற்சிக்குன்னு வெச்சிருக்கறவங்க) சேத்துக்கலாம், அங்க 2024ல வாரத்துக்கு குறைஞ்சது 12,500 டாலர், மோசமான வாழ்க்கை இல்ல. ஆனா 53ல இருக்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் பெருசு. 2023 ஜனவரில என்எஃப்சி ஃபைனல்ல (சூப்பர் பவுலுக்கு முந்தின கட்டம்) 49யர்ஸோட ரெண்டு குவார்ட்டர்பேக்கும் அடிபட்டு போடவே ஆள் இல்லாம தவிச்சாங்களே, அதுக்கப்புறம் எமர்ஜென்சி மூணாவது குவார்ட்டர்பேக் ரூல் (முதல் ரெண்டு பேரும் ஆட முடியலன்னா மூணாவது ஆள் இறங்கலாம்) திரும்ப வந்துச்சு, அந்த 2023 சீசன்ல மூணாவது ஆளை 53க்குள்ளயே வெச்சிக்க டீமுங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சுது. நம்ம பையன் டீம் மூணு பேர் வெச்சிக்கிற டீமா, ரெண்டோட நிறுத்துற டீமான்னு முந்தின வருஷங்களைப் பாத்தா தெரிஞ்சிரும்.

நிஜ கேம்ல இறங்கிட்டான்னா முதல் ஸ்டார்ட்டை வெச்சு முடிவு கட்டாதீங்க. பேஜென்ட் முதல் ஸ்டார்ட்ல ரெய்டர்ஸை 30-12ன்னு ஜெயிச்சார், 29 பாஸ்ல 21 புடிச்சாங்க, சிகாகோவே கொண்டாடுச்சு. அப்ப அவரைப் பத்தி மத்த டீமுங்க கையில டேப் இல்ல. ரெண்டு வாரத்துல டேப் வந்துருச்சு, மூணாவது ஸ்டார்ட்ல செயின்ட்ஸ் 3 இன்டர்செப்ஷன் (அவர் பாஸை எதிராளியே புடிச்சிடறது) எடுத்தாங்க. அதுக்கடுத்து நாலே நாள்ல வியாழக்கிழமை கேம்ல பேந்தர்ஸை 16-13ன்னு ஜெயிச்சார், பெருசா ஒண்ணும் பண்ணல, பந்தை இழக்காம பாத்துக்கிட்டார். எனக்கு ரெய்டர்ஸ் கேமை விட இந்த கேம்தான் அவர் நிப்பார்னு சொல்லுச்சு. உங்க பையன்கிட்டயும் மூணாவது நாலாவது ஸ்டார்ட்டுக்கு காத்திருங்க, எதிராளி அவனைப் படிச்சதுக்கப்புறம் அவன் என்ன மாத்துறான்னு பாருங்க.

அடுத்த ஏப்ரல் டிராஃப்டையும் மறக்காம பாக்கணும். 2024ல பேர்ஸ் முதல் பிக்லயே கேலப் வில்லியம்ஸை எடுத்தாங்க, பேஜென்ட் ஸ்டார்ட்டர் கனவு அங்க கலைஞ்சு போச்சு, ஆனா பேக்கப் இடம் அப்படியே இருந்துச்சு, 2025ல கான்ட்ராக்டை நீட்டிச்சும் குடுத்தாங்க. அதே 2023ல ஜயன்ட்ஸுக்கு வந்த டாமி டிவிட்டோவும் 6 ஸ்டார்ட்ல 3 ஜெயிச்சவர்தான், நியூ ஜெர்சி பையன்னு ஊரே தலைல தூக்கி வெச்சிக்கிச்சு, ஆனா 2025ல ஜயன்ட்ஸ் ரசல் வில்சன், ஜேமிஸ் வின்ஸ்டன், ஜாக்ஸன் டார்ட்னு வரிசையா கொண்டு வந்தாங்க, ஆகஸ்ட்ல இவரை விட்டாங்க, பேட்ரியட்ஸ் வேவர்ஸ்ல எடுத்துக்கிட்டாங்க. அதனால ரெண்டாவது வருஷம், மூணாவது வருஷம்னு ஒவ்வொரு மே மாசமும் அந்த டெப்த் சார்ட்டை முதல்லருந்து திரும்பப் போட்டுப் பாருங்க, டிராஃப்ட் ஆகாதவன் போடுற முதல் கான்ட்ராக்டே 3 வருஷத்துக்குத்தான்.