லென்ஸ் குறைவான கேமரா வாங்கலாமா?

பழைய கேனான் இஓஎஸ் எம் கேமரா மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று பாண்டிச்சேரி நண்பர் கேட்டார். எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். ஒயிட் டவுன் தெருக்களுக்கு அதன் 22 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். பிச்சாவரத்தில் படகிலிருந்து பறவை எடுப்பதென்றால் கதை வேறு. அந்த வரிசைக்குக் கேனான் செய்தது மொத்தமே எட்டு லென்ஸ். மி.மீ. எண் கூடினால்தான் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்; இதில் அதிகபட்சமே 200 மி.மீ.யோடு நின்றுவிடும்.

இன்னொரு சிக்கல், பின்னால் கேனானின் புதிய வரிசையான ஆர்எஃப் கேமராவுக்கு மாறினால் இந்த லென்ஸ்களை அதில் மாட்ட முடியாது. லென்ஸ் பொருந்தும் இடத்துக்கும் படம் பதியும் சென்சாருக்கும் உள்ள தூரம் எம் கேமராவில் 18 மி.மீ., ஆர்எஃப்பில் 20. அந்த 2 மி.மீ.தான் வில்லன்; எம் லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளி நின்றுவிடும், இடையில் அடாப்டர் (இணைப்பு வளையம்) வைக்கவும் இடமில்லை. ஆனால் கேனானின் டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான பழைய இஎஃப் லென்ஸ் அடாப்டர் வழியாக இரண்டிலும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். அதனால் கேமராவோடு 22 மி.மீ. மட்டும் வாங்குங்கள், மிச்சப் பணத்தை இஎஃப் லென்ஸில் போடுங்கள் என்றேன்.

அப்புறம், நம் ஊர்க் கடல்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். காசு கொடுக்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்.