வேலை முடிந்த பிறகும் கம்பெனி கூப்பிட்டால்: சிங்கப்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் சம்பளம், வாடகை எல்லாம் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆபீஸ் நேரத்துக்குப் பிறகு வரும் சமூக சேவை பற்றி யாரும் சொல்லி அனுப்புவதில்லை. "ஞாயிறு கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம், எல்லாரும் வந்துவிடுங்கள்" என்று மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப் வரும். கட்டாயமா என்று கேட்க நமக்கு வாய் வராது.

இந்தத் தயக்கம் பழையது. அந்தக் காலத்தில் நம் ஊரிலிருந்து வட்டித் தொழிலுக்கு வந்த செட்டியார்கள் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்த கிட்டங்கியிலேயே, அதாவது கடையும் தங்குமிடமும் ஒன்றான கட்டடத்திலேயே தங்கி, அங்கேயே கணக்கு எழுதினார்கள். பெட்டியடிப் பையனுக்கு, அதாவது கடையில் எடுபிடி வேலை பழகும் பையனுக்கு, வேலை எது, ஓய்வு எது என்ற பிரிவே கிடையாது. கோயிலுக்கென்று மகமை, அதாவது வியாபாரத்தில் ஒரு சிறு பங்கு, எடுத்து வைத்ததும் அந்தச் செட்டியார்கள்தான். அந்தக் கொடை மனதை நான் மதிக்கிறேன். ஆனால் முதலாளி மகமை எடுத்தது தன் வியாபாரத்திலிருந்து. உங்கள் ஞாயிற்றுக்கிழமையை எடுப்பது வேறு விஷயம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? முதலில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதிதான் வேலை நேரத்துக்குக் காவல். உடலுழைப்புத் தொழிலாளர் என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மற்ற ஊழியர் என்றால் 2,600 வெள்ளி வரை அது பொருந்தும். அவர்களுக்கு வாரம் 44 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி. வாரத்தில் ஒரு ஓய்வு நாள் உண்டு. விதிவிலக்கான சூழ்நிலை தவிர அன்று வேலைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. முதலாளி கேட்டு அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். பெயர் சேவை என்றாலும், வராவிட்டால் நடவடிக்கை என்று சொல்லி வரவழைத்தால் அது வேலை என்று கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

மேலாளர், நிர்வாகப் பொறுப்பில் வருபவர்களுக்கு இந்தக் காவல் இல்லை. ஒப்பந்தம்தான் பேசும். கையெழுத்துக்கு முன்பே "நிறுவன நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள வேண்டும்" போன்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ஆண்டு மதிப்பீட்டில் சேவைக்கு மதிப்பெண் உண்டா என்றும் கேளுங்கள். சில கம்பெனிகள் சேவைக்கென்றே சம்பளத்துடன் விடுப்பு தருகின்றன. அது இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஓவர்டைம் பெறத் தகுதியுள்ள ஊழியர் முதலாளி கேட்டுச் செய்யும் தொண்டு வேலை நேரமாகக் கணக்காகும். வேலை நேரத்துக்கு வெளியே தானாக விரும்பிச் செய்தால் ஆகாது.

பணம் தனி. சம்பளச் சீட்டில் சிண்டா என்று ஒரு பிடித்தம் இருந்தால் பதற வேண்டாம். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுக்கென்று, எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கும் இந்திய வம்சாவளியினரிடமும் பிடிக்கப்படும் சமூக நிதி அது. வேண்டாமென்றால் விலகப் படிவம் உண்டு. கம்பெனி தானாக நன்கொடை பிடித்தால் கதை வேறு, அதற்கு உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும்.

வாட்ஸ்அப் வந்தால் சண்டை வேண்டாம். "இது விருப்பமா, கட்டாயமா? கட்டாயம் என்றால் ஓவர்டைமில் சேருமா?" என்று மரியாதையாக எழுத்தில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கூலி வராவிட்டால் சிங்கப்பூரில் சம்பளத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் டாடெம் (TADM) மையத்தில் முறையிடலாம். வேலையில் இருக்கும்போது என்றால் ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள்.