வயர்லெஸ் கண்காணிப்பு கேமரா: தேர்வு முதல் பதிவை ஒப்படைப்பது வரை

கண்காணிப்பு கேமரா வாங்கிய பலருக்கும் அதன் குறை தெரியவருவது, அது தேவைப்படும் நாளில்தான். பொருள் காணாமல் போன பிறகு பதிவைத் திறக்கிறார்கள். ஓர் உருவம் வருகிறது, பூட்டை நெம்புகிறது, போகிறது. எல்லாம் பதிவாகியிருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. இது பெரும்பாலும் கேமராவின் பழுது அல்ல. எந்தக் கேமரா, எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில் என்று முன்கூட்டியே யோசிக்காததன் விளைவு. இதுவரை கேமராவையே தொட்டிராதவரும் அந்த யோசனையைச் சரியாகச் செய்ய முடியும். கடைக்குப் போவதற்கு முன்பே அதைத் தொடங்க வேண்டும்.

படி 1: என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் வீட்டின் அல்லது கடையின் வரைபடத்தைத் தோராயமாகப் போடுங்கள். வாசல், பின்கதவு, பணப்பெட்டி, சரக்கு அறை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றைக் குறியுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: யாரோ வந்தார்கள் என்று தெரிந்தால் போதும், வந்தவர் நமக்குத் தெரிந்தவரா என்று சொல்ல முடிய வேண்டும், முன்பின் அறியாதவராக இருந்தாலும் முகத்தை அடையாளம் காட்ட முடிய வேண்டும்.

இந்த மூன்றுக்கும் அளவுகோல் உண்டு. ஈஎன் 62676-4 என்ற ஐரோப்பியத் தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல், அதாவது படத்தின் புள்ளிகள், வேண்டும் என்று சொல்கிறது. ஆள் நடமாட்டம் தெரிய 25, தெரிந்தவரை இனம்காண 125, அறியாதவரை அடையாளம் காட்ட 250. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பளபளப்பான வாசகங்களைவிட இந்த மூன்று எண்கள் பயனுள்ளவை.

கணக்கு எளிது. 1080பி எனப்படும் கேமராவில் அகலவாக்கில் 1920 பிக்சல்கள் இருக்கும். அதன் பார்வைக் கோணம் 90 பாகை என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் தொலைவில் அந்தக் கேமரா பார்க்கும் அகலம் 8 மீட்டர். 1920ஐ 8ஆல் வகுத்தால் 240. அதாவது முகத்தை அடையாளம் காட்டும் எல்லை ஏறக்குறைய 4 மீட்டரோடு முடிகிறது. 8 மீட்டருக்குப் போனால் 120. தெரிந்தவரை இனம்காணலாம், அவ்வளவுதான். 3840 பிக்சல் அகலமுள்ள 4கே கேமரா இந்தத் தொலைவுகளை இரட்டிப்பாக்கும். கோணம் அகல அகல இந்தத் தொலைவு சுருங்கும். முற்றம் முழுவதையும் ஒரே கேமராவில் அடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒருவரின் முகமும் கிடைக்காமல் போவது இதனால்தான். முழு இடத்தையும் பார்க்க ஓர் அகலக் கோணக் கேமரா, எல்லோரும் கடந்தே தீர வேண்டிய வாசலில் குறுகிய கோணத்தில் இன்னொன்று என்று பிரித்துக்கொள்வதே நல்லது. கேமராவுக்கென்று ஒதுக்கிய பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், என் வாக்கு வாசலுக்கே.

படி 2: மின்சாரம் எங்கிருந்து வரும்?

வயர்லெஸ் என்றால் ஒயரே இல்லை என்று நினைத்து வாங்குகிறவர்கள் அநேகம். பெரும்பாலான வைஃபை கேமராக்களில் காட்சி மட்டுமே காற்றில் போகிறது. மின்சாரத்துக்கு அடாப்டரும் ஒயரும் வேண்டும். ஒயரே இல்லாதவை பேட்டரியில் ஓடுபவை.

பேட்டரி கேமரா எப்போதும் விழித்திருப்பதில்லை. சக்தியை மிச்சப்படுத்தத் தூங்கிக்கொண்டிருந்து, உடல் வெப்பத்தின் அசைவை உணர்ந்ததும் எழுந்து பதிவு செய்கிறது. எழுவதற்குள் ஆள் கேமராவின் பார்வையைத் தாண்டியிருக்கலாம். அந்த வெப்ப உணரி, குறுக்கே நடப்பவரை எளிதில் பிடிக்கும். நேராக எதிரே வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். எனவே பேட்டரி கேமராவை நடைபாதைக்கு நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தோட்டத்துக் கதவு, வாடகை வீடு, மின் இணைப்பு எட்டாத கிடங்கின் பின்புறம் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. பணம் கைமாறும் இடத்துக்குத் தொடர்ச்சியான பதிவு தேவை. அங்கே அடாப்டர் உள்ளதையே வாங்குங்கள். ஈதர்நெட் கேபிள் இழுக்க வசதியுள்ள இடத்தில், அதே கேபிளில் மின்சாரமும் பெறும் பிஓஇ கேமராவை மிஞ்ச எந்த வயர்லெஸ் கேமராவாலும் முடியாது. அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

படி 3: வாங்கும் முன் சிக்னலைச் சோதியுங்கள்

கேமரா வரப்போகும் இடத்தில் கைபேசியோடு நில்லுங்கள். வைஃபை வலிமையைக் காட்டும் இலவசச் செயலிகள் பல உண்டு. அளவு மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட வலுவாக, அதாவது மைனஸ் 60, மைனஸ் 50 என்று இருந்தால் நிம்மதி. மைனஸ் 75ஐத் தாண்டி இறங்கினால் காட்சி விட்டுவிட்டு வரும். பல கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்கின்றன. சோதனையையும் அதிலேயே செய்யுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது என்றாலும் சுவரைத் துளைத்துச் செல்வதில் பலவீனமானது.

கடைக்காரர்கள் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும்: ஷட்டர் திறந்திருக்கும்போது ஒருமுறை, முழுக்க இறக்கிவிட்டு ஒருமுறை. பகலில் அருமையாகத் தெரிந்த வெளிவாசல் கேமரா, இரவில் இரும்பு ஷட்டர் இறங்கியதும் இணைப்பை இழந்துவிடும். திருட்டுக்கு வாய்ப்புள்ள நேரமும் அதுதானே. சிக்னல் போதவில்லை என்றால் ரௌட்டரை நகர்த்துங்கள், அல்லது வழியில் சிக்னலை வாங்கி நீட்டிக்கும் மெஷ் கருவி ஒன்றை வையுங்கள்.

படி 4: பெட்டியில் பார்க்க வேண்டியவை

மழைபடும் இடத்துக்கு ஐபி65 அல்லது ஐபி66. முதல் இலக்கமான 6, தூசி புகாது என்பதையும், இரண்டாவது இலக்கம் பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். வாசலை உள்ளிருந்து பார்க்கும் கேமராவுக்கு, வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் வெளிவெயில் பின்னணியில், உள்ளே வருபவரின் முகம் கரிய நிழலாகிவிடும். ஆன்விஃப் அல்லது ஆர்டிஎஸ்பி என்ற பொதுவான இணைப்பு முறைகளுக்கு ஆதரவு இருந்தால், நாளை அந்த நிறுவனத்தின் செயலி நின்றுபோனாலும் வேறு மென்பொருளில் கேமராவைப் பயன்படுத்தலாம். எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாத நிறுவனத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இரவுப் பார்வையைப் பற்றி ஒன்று. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குகள் இருட்டில் மங்கலான சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தொலைவு குறைவு. இரண்டிலும் நடக்கும் ஆளின் முகம் கலங்கிப்போகலாம். வெளிச்சம் குறையும்போது ஒவ்வொரு படத்தையும் கேமரா கூடுதல் நேரம் எடுத்துப் பிடிப்பதுதான் காரணம். எனவே மெகாபிக்சலைக் கூட்டுவதற்குச் செலவழிப்பதைவிட, வாசலில் ஒரு நல்ல விளக்கைப் போடுவது முகத்தைக் காப்பாற்றும்.

படி 5: பதிவு எங்கே தங்கும்?

1080பி காட்சிக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு கேமரா ஒரு நாளில் எழுதுவது 21.6 ஜிபி. 128 ஜிபி மெமரி கார்டு ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். பிறகு பழையதை அழித்து மேலே எழுதும். எச்.265 முறையில் சுருக்கும் கேமரா என்றால் அதே கார்டு ஏறக்குறைய இரு மடங்கு நாள் வரும். சாதாரண கார்டு ஓயாமல் எழுதுவதைத் தாங்காது. கண்காணிப்புக் கேமராவுக்கென்றே விற்கும் நீடித்து உழைக்கும் வகையை வாங்கிப் போட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

கார்டு மட்டும் இருந்தால், கேமராவைப் பிடுங்கிப் போகிறவன் பதிவையும் கொண்டுபோகிறான். கிளவுட், அதாவது இணையவழிச் சேமிப்பு, மட்டும் இருந்தால், இணையம் அறுந்ததும் பதிவும் அறுகிறது. வைஃபை அலையைக் குலைக்கும் கருவியால் வேண்டுமென்றே அறுக்கவும் முடியும். இரண்டும் இருக்கட்டும். ஆனால் நான்கு கேமராக்களை முழுநேரமும் கிளவுடுக்கு அனுப்ப நொடிக்கு 8 மெகாபிட் பதிவேற்ற வேகம் வேண்டும். அது இல்லாதவர்கள் தொடர்ச்சியான பதிவை கார்டிலும், அசைவுத் துணுக்குகளை மட்டும் கிளவுடிலும் வைக்கலாம். ரௌட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துவிட்டால் மின்தடையின்போதும் பேட்டரி கேமராவின் அறிவிப்பு வரும்.

படி 6: மேசையில் வைத்தே அமையுங்கள்

ஏணியில் ஏறுவதற்கு முன், ரௌட்டருக்குப் பக்கத்தில் கேமராவை வைத்து இணைப்பை முடியுங்கள். கைபேசியை 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் வைத்து, செயலி காட்டும் கியூஆர் குறியீட்டைக் கேமராவின் முன் ஒரு சாண் தொலைவில் பிடியுங்கள். படிக்கவில்லை என்றால் கைபேசித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

இணைந்ததும் முதல் வேலை மென்பொருளைப் புதுப்பிப்பது. இரண்டாவது, கடவுச்சொல். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பெருமளவில் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் அவை பயன்படுத்தப்பட்டன. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்கும் எட்டாமல் போயின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கோ எதுவும் தெரியாது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்திருக்கிறது. மற்ற இடங்களில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் கையில்தான்.

வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லை வையுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். ரௌட்டரில் விருந்தினர் வலையமைப்பு ஒன்றை உண்டாக்கி, கேமராக்களை அதில் போட்டுவிடுங்கள். பில் போடும் கணினி அதே வலையில் இருக்கக் கூடாது. கருவிகள் தாமாகவே வெளி இணையத்துக்கு வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியை ரௌட்டரில் அணையுங்கள். வீட்டாருக்கோ ஊழியருக்கோ பார்க்க அனுமதி தரும்போது உங்கள் கணக்கைக் கொடுக்காமல், செயலியின் பகிர்வு வசதியைப் பயன்படுத்துங்கள். வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நீக்குங்கள். கடைசியாக, தேதியும் நேரமும் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

படி 7: மாட்டும் உயரமும் கோணமும்

இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரம் பொதுவாகச் சரி: கைக்கு எட்டாது, முகமும் கிடைக்கும். அதற்கு மேல் போனால் உச்சந்தலையும் தொப்பியும்தான் பதிவாகும். கல்லாவுக்கு மேல் வைக்கும் கேமரா கைகளையும் பணப்பெட்டியையும் பார்க்கட்டும். வாடிக்கையாளர் ரகசிய எண்ணை அழுத்தும் கருவியைப் பார்க்கக் கூடாது.

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து வெளியே பார்க்க நினைக்காதீர்கள். இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளைப் புகையாகும். அருகிலுள்ள வெள்ளைச் சுவரும் கூரை ஓரமும் இதே வேலையைச் செய்யும்.

பக்கத்து வீட்டு ஜன்னலோ முற்றமோ காட்சிக்குள் வந்தால் கேமராவைத் திருப்புங்கள். முடியாவிட்டால் செயலியில் அந்தப் பகுதியை மறையுங்கள். கழிப்பறை, உடை மாற்றும் அறை ஆகியவற்றில் கேமராவுக்கு இடமே இல்லை. கடையில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அறிவிப்புப் பலகை வையுங்கள். ஒலிப்பதிவுக்குப் பல நாடுகளில் தனியான, கடுமையான விதிகள் உள்ளன. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்க்காமல் மைக்கை இயக்காதீர்கள்.

படி 8: நடந்து பாருங்கள்

மாட்டியதும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். வீட்டாரில் ஒருவரைத் தெருவிலிருந்து வாசல்வரை, திருடன் வரக்கூடிய எல்லா வழியிலும் நடக்கச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் ஒருமுறை, மாலை வெயில் லென்ஸில் விழும்போது ஒருமுறை, விளக்கு அணைந்த இரவில் ஒருமுறை. நேரலையைப் பார்க்காதீர்கள், பதிவை எடுத்துப் பாருங்கள். நடக்கும் காட்சியை நிறுத்தி முகத்தைப் பெரிதாக்குங்கள். அவரைத் தெரியாத ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டி, ஆளை அடையாளம் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்த முகத்தை நம் மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும் என்பதால் உங்கள் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

அசைவு அறிவிப்புகள் முதல் வாரம் தொல்லையாகவே இருக்கும். ஆடும் கிளை, தெருவில் போகும் வண்டி, இரவில் அகச்சிவப்பு ஒளிக்கு வரும் பூச்சி, லென்ஸ் முன் வலை கட்டும் சிலந்தி என எல்லாமே அசைவுதான். அறிவிப்பு தர வேண்டிய பகுதியை வாசலுக்கு மட்டும் குறுக்குங்கள். மனிதரை மட்டும் கண்டறியும் வசதி இருந்தால் இயக்குங்கள். சலித்துப்போய் அறிவிப்பையே அணைத்துவிட்டால் கேமரா இருந்தும் நீங்கள் தாமதமாகத்தான் அறிவீர்கள். மாதம் ஒருமுறை லென்ஸை மென்துணியால் துடைத்து, சில நாளைக்கு முந்தைய பதிவு ஒன்றைத் தேடித் திறந்து பாருங்கள். கார்டு சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தால் அப்போதுதான் தெரியும்.

படி 9: சம்பவம் நடந்துவிட்டால்

பதிவு தன்னைத்தானே அழித்து எழுதிக்கொண்டே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். சம்பவத்துக்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து பின்வரை உள்ள பகுதியை உடனே தரவிறக்குங்கள். முடிந்தால் கார்டையே கழற்றிப் பத்திரப்படுத்தி, புதியதைப் போடுங்கள். கேமராவின் கடிகாரமும் உங்கள் கைபேசியின் கடிகாரமும் எத்தனை நொடி வேறுபடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டுமென்றால் நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். காவல் நிலையத்துக்குக் கொடுக்கும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கித் தரம் போய்விடும். பென் டிரைவில் மூலக் கோப்பாகவே கொடுத்து, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.