டிராக்டரில் டிரெய்லர் மாட்டும் முன்

களக்காட்டு வாழைத்தாரோ அம்பாசமுத்திரம் நெல்லோ, இரட்டைச் சக்கர டிரெய்லரில் 4 டன் ஏற்ற அதற்கேற்ற திறனுள்ள டிராக்டர் வேண்டும். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரும்பாடு.

டிரெய்லரை டிராக்டரின் பின்அச்சுக்குக் கீழுள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். மேலே, கலப்பையின் மேல் இணைப்புக்கம்பி மாட்டும் டாப் லிங்க் இடத்தில் மாட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கி, வண்டி மல்லாந்துவிடும். கொக்கியில் செருகும் இரும்பு முளை (பின்) தேய்ந்து ஆடினால் மாற்றுங்கள்; கட்டுக்கம்பியெல்லாம் வெறும் ஒப்பேற்றல். பின்னின் அடியில் லாக் கிளிப், கூடவே ஒரு சங்கிலி.

பாரம் டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் விழட்டும். பின்பக்கம் கனத்தால் கொக்கி மேலே தூக்கப்படும், டிராக்டர் சக்கரத்தின் பிடி குறையும், டிரெய்லர் வாலாட்டும். தார் ஏற்றுகிறவர்கள் கைக்கு எட்டிய பின்பக்கமே குவிப்பார்கள், விடாதீர்கள்.

ரோட்டில் ஏறுமுன், இடது வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் மிதிகளையும் இணைத்துப் பூட்டுங்கள். வயலில் பிரித்ததை மறந்தால் வண்டி ஒருபக்கமாக வெட்டித் திரும்பும். இறக்கத்தில் சின்ன கியர். கிளட்சில் கால் வைக்கவே கூடாது.