வளைந்த காலை நிமிர்த்தும் கைடு: எங்கெங்கே தவறுகிறது

“தம்பி, இப்பல்லாம் எலும்பைக் கம்ப்யூட்டரே வெட்டிடுமாமே?” என்று கேட்டார் சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து வந்த ஐயா ஒருவர். வருடா வருடம் தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுத்து நடந்தவர். இப்போது இடது கால் வில்லாக வளைந்து, முட்டியின் உள்பக்கம் தேய்ந்து, புளோக்கின் நாலு படி இறங்கவே கைப்பிடி தேட வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் வெட்டாது, வெட்டுவது மருத்துவரின் கைதான். ரம்பம் எங்கே, எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்று அந்தக் கைக்குக் காட்டும் அச்சைத் தயாரிப்பதுதான் என் வேலை. நாங்கள் அதைக் ‘கைடு’ என்றே சொல்வோம்.

கால் வளைந்திருந்தால் உடம்பின் எடை முட்டியின் உள்பக்கமாகவே இறங்கும். அதை வெளிப்பக்கம் நகர்த்த, முட்டிக்குச் சற்றுக் கீழே டிபியா என்னும் கீழ்க்கால் எலும்பை உள்பக்கத்திலிருந்து அறுப்பார்கள். வெளிவிளிம்பில் சுமார் ஒரு சென்டிமீட்டரை அறுக்காமல் கீல் போல விட்டு, வெட்டை ஆப்பு வடிவில் விரித்து, பிளேட் வைத்து முடுக்குவார்கள். எடைக்கோடு, அதாவது இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு இழுக்கும் கோடு, முட்டி மூட்டின் உள்விளிம்பிலிருந்து மூட்டு அகலத்தில் சுமார் 62 சதவீதத் தொலைவில் விழட்டும் என்று பலர் குறிவைக்கிறார்கள். ஃபுஜிசாவா புள்ளி என்று அதற்குப் பெயர்.

முதல் தவறு ரம்பத்தைத் தொடுவதற்கு வெகு முன்பே, எக்ஸ்-ரே அறையில் நடந்துவிடுகிறது. இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்றபடி எடுக்கும் படத்தில் முட்டிச்சில்லு நேராக முன்னோக்கி இருக்க வேண்டும். வலிக்காத தோதில் நின்றால் பாதம் வெளியே திரும்பும், கோணம் மாறிவிடும். ஐயாவும் அப்படித்தான் நின்றிருந்தார். ‘சிடி ஸ்கேன்தான் இருக்கிறதே, அதிலேயே கோணத்தையும் அளந்துவிடலாம்’ என்று நினைப்பவர்களும் உண்டு. சிடி படுத்தபடி எடுப்பது, அதில் எடை இல்லை. எலும்பின் வடிவத்தை சிடியிலிருந்து எடுக்கலாம், கோணத்தை நின்ற படத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இன்னொன்று: நிற்கும்போது தெரியும் வளைவில் ஒரு பங்கு மூட்டைப் பிடிக்கும் ஜவ்வின் தளர்ச்சியாலும் வரலாம். அதையும் சேர்த்து எலும்பில் திருத்தினால் கால் மறுபக்கம் வளைந்துவிடும்.

அடுத்தது கைடு உட்காரும் இடம். என்னைக் கேட்டால் முக்கால்வாசி வம்பு இங்கேதான். கோல அச்சைத் தரையில் கோணலாக வைத்துவிட்டு மாவு எவ்வளவு நேர்த்தியாகத் தூவினால் என்ன, கோலம் கோணல்தான். கைடின் அடிப்பக்கம் அந்த நோயாளியின் எலும்புக்கே அச்சாக வார்த்தது. ஆனால் அது பதிவது வெற்றெலும்பின் மீது. எலும்பு உறையோ கொழுப்போ தசைநாரின் ஒரு துணுக்கோ இடையில் சிக்கினால் போச்சு. 30 மில்லிமீட்டர் நீளமுள்ள கைடு ஒரு முனையில் 1 மில்லிமீட்டர் தூக்கி நின்றால் வெட்டு கிட்டத்தட்ட 2 டிகிரி சாயும். டிபியாவின் உள்பக்கம் வேறு வழவழவென்று இருக்கும், பிடிமானம் குறைவு. சின்னதாக, அழகாக ஒரு கைடு செய்து கொடுத்தால் அது மேலும் கீழும் வழுக்கும். ஏதாவதொரு விளிம்பைக் கவ்வும்படி ஒரு கொக்கியாவது வைக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மூட்டு விளிம்பில் வளர்ந்திருக்கும் எலும்பு முள்ளைக் கணக்கில் வைத்து நான் கைடு வடித்திருப்பேன். அதைச் சுத்தம் செய்கிறோம் என்று முதலிலேயே கொத்தி எடுத்துவிட்டால் கைடுக்கு உட்கார இடமில்லை. ஆகவே முதலில் கைடைப் பொருத்தி, வெட்டின் வழியைக் காட்டும் கம்பிகளை மட்டும் எலும்பில் ஏற்றி, எக்ஸ்-ரேயில் பார்த்துவிட வேண்டும். கம்பி திட்டத்தோடு ஒத்துப்போனால்தான் ரம்பம். ‘கச்சிதமா உட்கார்ந்த மாதிரி இருக்கு’ என்ற கைப்பழக்கத்தை நம்பி அந்த ஒரு படத்தைத் தவிர்ப்பதுண்டு. எனக்கு அது பிடிக்காது.

ரம்பத் தகட்டின் கனத்தைக் கேட்காமல் கைடில் அது நுழையும் பிளவைப் போடுவது எங்கள் தரப்புத் தவறு. தகடு மெல்லியதாக இருந்தால் பிளவுக்குள் ஆடும், தடித்திருந்தால் உரசிச் சூடேறும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் செல்கள் பாதிக்கப்படும். உப்புநீர் விட்டுக்கொண்டே அறுப்பது அதனால்தான்.

அப்புறம் விரிப்பது. அவசரப்பட்டால் வெளிப்பக்கக் கீல் படக்கென்று முறியும். சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டு, எலும்பு தளர்வதற்கு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு விரிந்தால் மூட்டுத்தளம் பின்னோக்கிக் கூடுதலாகச் சரியும். முன்னிடைவெளி பின்னதில் பாதி அளவுக்குச் சிறியதாக இருந்தால் பழைய சாய்வு ஏறக்குறைய அப்படியே நிற்கும். எவ்வளவு விரித்தால் கால் எத்தனை டிகிரி நிமிரும் என்பதற்கு ‘ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு டிகிரி’ என்று ஒரு பழைய கணக்கு உண்டு. வெட்டின் அகலம் 57 மில்லிமீட்டராக இருந்தால்தான் அது சரி. 75 மில்லிமீட்டர் அகல எலும்பில் 10 மில்லிமீட்டர் விரித்தால் கிடைப்பது ஏழரை டிகிரிதான்.

பிளாஸ்டிக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசை 3டி பிரின்டரில் அச்சிடும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகும். 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கி எடுத்தால் அப்பளம் மாதிரி வளைந்து வரும். பார்வைக்கு வைக்கும் எலும்பு மாதிரிக்கு அது போதும். கைடுக்கு அந்தச் சூட்டைத் தாங்கும் நைலான் வேண்டும். அதன் மேல் ‘இடது’, ‘வலது’ என்று பொறித்திருக்கவும் வேண்டும்.

ஐயா பழைய சிடி ஸ்கேன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். “எட்டு மாசம்தான் ஆச்சு, இது போதாதா தம்பி?” என்றார். எட்டு மாதத்தில் எலும்பு முள் வளர்ந்திருந்தால் பழைய வடிவத்துக்கு வார்த்த கைடு புது எலும்பில் ஆடும் என்று, பிரின்டரில் போட்ட ஒரு மாதிரி எலும்பின் மேல் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிக் காட்டினேன். கைடை வைத்துப் பார்த்தார். டக்டக்கென்று ஆடியது. “சரி, எடுத்துடுவோம்” என்று எழுந்தார். நின்றபடி எடுக்கும் படத்தையும் அன்றே திரும்ப எடுத்தோம், முட்டிச்சில்லு முன்னோக்கியிருக்க.