மேக் செயலிக்குக் கையொப்பமிடுவது உள்ளிருந்து வெளியே

ஆப் ஸ்டோருக்கு வெளியே மேக் செயலி வெளியிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பிறர் எழுதிய ஃபிரேம்வொர்க்கை (தயார்நிலை நிரல் தொகுப்பை) உள்ளே வைத்திருந்தால், கையொப்பமிடும் ‘கோட்சைன்’ கட்டளையில் ‘டீப்’ என்ற விருப்பத்தைச் சேர்த்து ஒரே அடியாக முடிக்கத் தோன்றும். வேண்டாம். உங்கள் செயலிக்கான அனுமதிகளை (என்டைட்டில்மென்ட்ஸ்) அது உள்ளே இருக்கும் எல்லாவற்றின் மீதும் ஏற்றிவிடும்.

செயலியைப் புதுப்பிக்க உதவும் ‘ஸ்பார்க்கிள்’ ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இன்ஸ்டாலர், டவுன்லோடர், ஆட்டோஅப்டேட், அப்டேட்டர் என்று தனித்தனித் துண்டுகள் இருக்கின்றன. கையொப்பம் முதலில் அவற்றுக்கு, அப்புறம் ஃபிரேம்வொர்க்குக்கு, கடைசியில் செயலிக்கு. எல்லாவற்றுக்கும் ஆப்பிள் உங்களுக்குத் தந்த டெவலப்பர் ஐடி சான்றிதழ்தான். டவுன்லோடருக்கு ஏற்கெனவே உள்ள அனுமதிகளை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள். ஒரே சான்றிதழ் ஏன் என்றால், ஹார்டன்ட் ரன்டைம் (ஆப்பிளின் கூடுதல் பாதுகாப்பு அமைப்பு) போட்ட செயலி, வேறு டீம் ஐடி (கையொப்பமிட்டவரின் அடையாள எண்) உள்ள நூலகத்தை இயல்பாக ஏற்காது. திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும்.

‘பண்டில் ஃபார்மட் இஸ் ஆம்பிகுவஸ்’ என்று பிழை வந்தால் சான்றிதழைச் சந்தேகிக்காதீர்கள். நான் ஒரு மாலை முழுக்க அதில்தான் தொலைத்தேன். நகலெடுக்கும்போது, ஃபிரேம்வொர்க்கின் ‘வெர்ஷன்ஸ்’ கோப்புறையில் உள்ள ‘கரன்ட்’ என்ற குறியீட்டு இணைப்பு (சிம்லிங்க்) நிஜக் கோப்புறையாக மாறியிருந்தது. ‘டிட்டோ’ கட்டளையால் நகலெடுங்கள், இணைப்புகள் கலையாது.

சரிபார்க்கும்போது மட்டும் ‘வெரிஃபை’, ‘ஸ்ட்ரிக்ட்’ இரண்டோடு ‘டீப்’ தாராளமாகப் போடலாம்.